காசில்தா மண்ணுக்கு ஈரல் கொடுத்த நாள்

எங்கள் பள்ளத்தாக்கில் எங்காவது ஆடு செத்துக் கிடந்தால் காசில்தாவுக்கு ஆள் அனுப்புவார்கள். யார் கொன்றது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

அவள் வருவாள். குந்தி உட்கார்ந்து ரோமத்தை விரலால் விலக்கிப் பார்ப்பாள். தொண்டையில் ஆழமாக இரண்டு துளை, உடம்பின் மேல் மண் இழுத்துப் போட்டு மூடியிருந்தால் பூமா என்கிற பெரிய மலைப்பூனை. பிறந்த குட்டியின் நாக்கும் மூக்கும் மட்டும் போயிருந்தால் நரி. பின்தொடை கந்தலாகக் கிழிந்திருந்தால் நாய். ஒரே இடத்தில் ஐந்தாறு ஆடுகள் தின்னப்படாமல் கிடந்தால், "தாய்ப்பூமா. குட்டிங்களுக்குக் கொல்லக் கத்துக் குடுத்திருக்கு" என்பாள். அவள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் ஓடைக்கு அந்தப் பக்கம் ஏழு ஆடுகள் செத்தன. பூமாதான் என்று முடிவு கட்டி, மலையில் விஷம் வைக்க ஊரே கிளம்பியது. காசில்தா போய்த் தொடைக் காயங்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மூன்று கோரைப்பல் பதிந்திருந்தது, நான்காவது இல்லை. வீட்டுக்கு வந்து தன் நாய் கேப்டனின் வாயைத் திறந்து பார்த்தாள். மேல் கோரைப்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. "என் நாய்தான்" என்று திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு, தன் பட்டியிலிருந்து ஏழு ஆடுகளை அன்று மாலையே ஆடு இழந்தவர்களிடம் ஓட்டி விட்டாள். கேப்டன் அன்றிலிருந்து சங்கிலியில் கிடக்கிறது.

காசில்தாவுக்கு நாற்பத்து மூன்று வயது. தொண்ணூறு ஆடு, கல் வீடு ஒன்று. கணவன் ஒன்பது வருடங்களுக்கு முன் தெற்கே மெந்தோசாவுக்குத் திராட்சை பறிக்கப் போனான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் "சீக்கிரம் வந்துடுறேன்" என்று செய்தி அனுப்புகிறான். எங்கள் ஊர் லோமா அஸுலில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் குன்றின்மேல் ஏறினால்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். வருடத்துக்கு ஒரு முறை அந்தச் செய்தியைக் கேட்கக் குன்று ஏறி, சிரித்துக்கொண்டே இறங்கி வருவாள்.

நான் பக்கத்து வீட்டு நெலிதா. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கத்தமார்க்கா நகரத்தில் ஆறு வருடங்கள் உயிரியல் படித்தேன். இப்போது உள்ளூர்ப் பள்ளியில் வாரத்துக்கு நான்கு மணி நேரம், விடுப்பில் போனவருக்குப் பதிலாகப் பாடம் எடுக்கிறேன். ஊரில் என்னை டாக்டர் என்கிறார்கள். மடி வீங்கிய மாட்டைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறார்கள். அது என் படிப்பு இல்லை என்று சொல்லிச் சொல்லி, என் படிப்பு எதுதான் என்று எனக்கே குழம்பிப் போயிருந்தது. ஆறு வருடங்களில் நான் கற்றது இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்காவது உதவுமா? போன ஆகஸ்ட் முதல் தேதி வரை என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் முதல் தேதி மண்ணுக்குச் சோறு போடும் நாள். ஒவ்வொரு வீட்டுக்கும் மண்ணில் ஒரு வாய் உண்டு. வருடா வருடம் அதே இடத்தில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, கொக்கா இலையும் சோளக் கள்ளும் சமைத்த உணவும் போட்டு மூடி, மேலே வெள்ளைக் கற்களை அடுக்குவோம். மலை நிழல் வந்து தொடுவதற்குள் மூடிவிட வேண்டும். வாய் திறந்திருக்கும்போது நிழல் விழுந்தால் மண் அந்த வீட்டிலிருந்தே ஒருவரை எடுத்துக்கொள்ளும். ஆகஸ்டில் வேறெங்கும் தோண்டவும் கூடாது.

காசில்தாவின் வாய் பட்டிக்கு மேற்கே இருக்கிறது. அவள் வீட்டில் மட்டும் ஒரு தனிப் பழக்கம். மண்ணுக்குப் போடும் எல்லாவற்றையும் குழைய வேக வைத்து மசித்துத்தான் போடுவார்கள். அவள் அம்மா தொடங்கியது அது. அம்மா புதுமருமகளாக இருந்தபோது ஒரு வருடம் ஆட்டு விலாவை முழுசாகப் போட்டிருக்கிறாள். அடுத்த ஆகஸ்டில் திறந்தால், குழியின் அடியில் வளைந்த எலும்பு ஒன்று அப்படியே கிடந்தது. "ஐயோ, மண்ணாத்தாவுக்குப் பல்லே இல்ல. சப்பிட்டு வச்சுட்டா" என்றாளாம். அன்றிலிருந்து மசியல். அந்த எலும்பை யாரும் எடுக்கவில்லை, ஆத்தாவின் மிச்சம் ஆயிற்றே. வருடா வருடம் அது தெரியும். அதன் மேல் கொக்கா இலையைத் தூவி மூடுவோம். சின்ன வயதிலிருந்து நானும் தூவியிருக்கிறேன். பட்டம் வாங்கிய பிறகும் இரண்டு முறை தூவியிருக்கிறேன். ஒருமுறைகூட அதை உற்றுப் பார்த்ததில்லை.

போன வருடம் ஊருக்குள் ரோடு அகலப்படுத்த மண் தள்ளும் இயந்திரம் வந்தது. போட்டிருந்த கோடு நேராகக் காசில்தாவின் வாய்மேல் போனது. அவள் மனு கொடுத்தாள். பத்தடி தள்ளிப் புதுக் குழி வெட்டிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. திங்கட்கிழமை அந்த இடத்தில் வேலை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் முதல் தேதி.

அன்று யார் வந்தாலும் உபசரிக்க வேண்டும் என்பதால் இயந்திரம் ஓட்டும் அன்செல்மோவையும் அவள் கூப்பிட்டிருந்தாள். ஐம்பது வயது, நல்ல தொப்பை, பயந்த சுபாவம். அருவதா இலை ஊறிய கரும்புச் சாராயத்தை முறைப்படி மூன்று மிடறு குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு காசில்தாம்மா. ஆனா ஒரு குழிதானே. கொஞ்சம் நகர்த்தி வச்சுக்கக் கூடாதா?"

"உங்க வாயைக் கொஞ்சம் காது பக்கமா நகர்த்தி வச்சுக்கோங்க அன்செல்மோ. சாப்பிட முடியுதான்னு பாத்துட்டு அப்புறம் நானும் நகர்த்துறேன்."

அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில் அறுத்த ஆட்டின் ஈரலை ஒரு தட்டில் உப்புத் தடவி வைத்திருந்தாள். அதிலிருந்து அவர் கண் நகரவில்லை.

"அது உங்களுக்குத்தான். பூசை முடியட்டும், சுட்டுத் தரேன்" என்றாள்.

அந்த வருடம் அவளுக்கு வேண்டுதல் பெரியது. அதனால் படையலும் பெரியது. மூன்று பானை மசியல். வழக்கமான குழி போதாது என்று கடப்பாரையால் பக்கவாட்டில் அகலமாக்கினாள். மண் பொலபொலவென்று சரிந்தது. ஆத்தாவின் மிச்சமான அந்த வளைந்த எலும்பு முழுதாக வெளியே தெரிந்தது. அதன் ஒரு முனை கூர்மையாக இருந்தது. மறுமுனை ஒரு கல்லுக்குள் போனது.

காசில்தா கடப்பாரையைக் கீழே வைத்தாள். குழிக்குள் குனிந்து கையால் மண்ணைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நெலி, இது விலா எலும்பு இல்ல."

"பின்ன?"

"பல்லுடி. இந்தக் கல்லு கல்லு இல்ல. தலை."

நான் குழிக்குள் குதிக்காத குறைதான். தேன் நிறத்தில், என் உள்ளங்கையைவிட நீளமாக, அரிவாள்போல் வளைந்த பல். பக்கவாட்டில் படுத்த மண்டையோடு. ஆறு வருடங்களில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"கத்திப்பல் புலி" என்று கத்தினேன். "அக்கா, இது கத்திப்பல் புலி. பழங்காலத்துப் பெரிய பூனை. இதை மியூசியத்துக்குச் சொன்னா ரோடே நிக்கும். சட்டம் இருக்கு. இந்த மாதிரி இடத்துல மண்ணைத் தொடவே கூடாது."

"நெஜமாவா? ரோடு நிக்குமா?"

"நிக்கும்."

அன்செல்மோ எழுந்து எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

படம் எடுத்துக்கொண்டு குன்றை நோக்கி ஓடினேன். எதிர்க்காற்று. தொட்டியருகே போய் மூச்சு வாங்க, நகரத்து மியூசியத்தில் இருக்கும் டாக்டர் பெரால்தாவுக்கு அனுப்பினேன். எனக்கு இரண்டு பருவம் பாடம் எடுத்தவர். "டாக்டர், எங்கள் ஊரில் கத்திப்பல் புலி கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை இயந்திரம் வருகிறது. உடனே உதவுங்கள்."

பத்து நிமிடத்தில் அவர் குரல் வந்தது. களைத்த குரல்.

"நெலிதா, எனக்கு வருஷத்துக்குப் பத்து கத்திப்பல் புலி வருதும்மா. ஒம்பது மாட்டுக் கொம்பு. உங்க ஊர் மண்ணு எவ்வளவு பழசுன்னு உனக்குத் தெரியாதா? அறுபது லட்சம் வருஷத்து எரிமலைச் சாம்பல். அப்போ இந்தக் கண்டத்துல பூனை ஜாதியே கிடையாது. வடக்கேயிருந்து நடந்து வந்து சேரல. நீ பரீட்சையில எழுதினவதானே. படமும் தெளிவா இல்ல. ஒரு குழியைக் காட்டி ரோட்டை நிறுத்தச் சொல்லி நான் கையெழுத்துப் போட முடியாது."

அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண் கிடைத்திருந்தது. தாளில் எழுதத் தெரிந்தது எனக்குக் குழியருகே நினைவுக்கு வரவில்லை. குன்றிலிருந்து இறங்கும்போது ஓடவில்லை. எதிர் மலையின் நிழல் பள்ளத்தாக்கின் பாதியைத் தாண்டியிருந்தது.

காசில்தா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"பூனை இல்லைங்கிறாங்களா?" என்றாள்.

"ஆமா."

"அதைத்தானே நானும் சொல்லணும்னு இருந்தேன். நீ எங்க காது குடுத்த? கத்திக்கிட்டு ஓடிட்ட. இது பூமா சாதியே இல்லடி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பட்டிக்குப் போனாள். பட்டிக் கம்பங்களில் காய்ந்த மண்டையோடுகளை மாட்டி வைத்திருப்பாள். கெட்டது அண்டாது என்று எல்லோரும் செய்வதுதான். ஒரு ஆட்டு மண்டையையும், யாரோ எப்போதோ சுட்ட பூமாவின் மண்டையையும் கழற்றிக்கொண்டு வந்தாள். நான் இல்லாத நேரத்தில் வெள்ளையடிக்கும் தூரிகையால் குழிக்குள் தூசியைத் தட்டி முடித்திருந்தாள். எதையும் அசைக்கவில்லை, பெயர்க்கவில்லை. ஆனால் முகத்தின் ஒரு பக்கம் முழுதும் இப்போது தெரிந்தது.

"கண்ணைப் பாரு. பூமாவுக்குக் கண்ணுக்குப் பின்னாடி எலும்பு மூடாது, திறந்தே கிடக்கும். ஆட்டுக்கு முழு வளையம். இதுக்கு?"

வளையம். ஆட்டைப்போல மூடிய எலும்பு வளையம். கண்குழியும் முன்னால் பார்க்காமல் ஆட்டைப்போலப் பக்கவாட்டில் இருந்தது.

"கொல்றது எல்லாத்துக்கும் கண்ணு முன்னாடி. கொல்லப்படுறதுக்குக் கண்ணு பக்கத்துல. இதுக்குப் பல்லு கொலைகாரன் பல்லு, கண்ணு ஆட்டுக் கண்ணு. இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு வேகத்தை நான் கேட்டதே இல்லை. "இன்னும் இருக்கு. பல்லோட வேரு எங்க போகுதுன்னு பாரு."

பல்லின் வேரை மூடிய புடைப்பு கண்ணுக்கு மேலேயே ஏறிப் போனது.

"விஸ்காச்சா எலி சமைக்கையில முன்பல்லை இழுத்தா வந்துக்கிட்டே இருக்கும்ல, அது மாதிரி. சாகுற வரைக்கும் வளர்ற பல்லு. பூமா பல்லு உடைஞ்சா உடைஞ்சதுதான், கேப்டனுக்கு மாதிரி. இதுக்கு உடைஞ்சாலும் கவலை இல்ல. அப்புறம் தாடையைப் பாரு. கத்திக்கு உறை."

கீழ்த்தாடையின் முன்பகுதி தட்டையாக, ஆழமாகக் கீழே இறங்கியிருந்தது. பல் அதன்மேல், உறைக்குள் வைத்த கத்திபோலச் சாய்ந்து கிடந்தது.

அப்போதுதான் எனக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. வளர்ந்துகொண்டே இருக்கும் கத்திப்பல். தாடையில் உறை. மூடிய கண் வளையம். இது என் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். நான் பேசத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை.

"அக்கா, இந்தக் கண்டம் கோடிக்கணக்கான வருஷம் தீவா இருந்தது. சுத்தியும் கடல். பூனை இல்ல, நாய் இல்ல, நரி இல்ல. ஆனா தின்னுறதுக்கு ஏகப்பட்ட மேயுற மிருகம். வேட்டைக்காரன் இடம் காலி. அந்த வேலையை யார் எடுத்துக்கிட்டாங்க தெரியுமா? உன் கோழி முட்டையைத் திருடுதே, குட்டியை வயித்துப் பையில தூக்கிட்டுத் திரியுமே..."

"கொமாத்ரேஹாவா? அந்த நாறப் பயலா?"

"அதோட தூரத்துச் சொந்தக்காரங்க. பை ஜாதிக் கூட்டம். நரி மாதிரி ஒண்ணு, கரடி மாதிரி ஒண்ணுன்னு விதவிதமா ஆனாங்க. ஒருத்தர் இப்படிக் கத்திப்பல் வளத்துக்கிட்டாங்க. அப்புறம் ரொம்ப காலம் கழிச்சு வடக்கே பூனை ஜாதியிலயும் ஒருத்தன் அதே கத்தியைச் செஞ்சுக்கிட்டான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்ல. சொந்தமும் இல்ல. கத்தி மட்டும் ஒரே கத்தி."

"ரெண்டு ஊர்க் கொல்லன் ஒரே அரிவாளை அடிச்ச மாதிரி" என்றார் அன்செல்மோ. அவரும் இப்போது முழங்காலிட்டுக் குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதேதான். ஆனா கைப்பிடி வேற. அந்தக் கைப்பிடியைத்தான் அக்கா கண்டுபிடிச்சிருக்கா."

காசில்தா எதிர் மலையைப் பார்த்தாள். நிழல் ஓடையைக் கடந்திருந்தது. பட்டிக்கு வர அரை மணி நேரம்கூட இல்லை.

"ஓடு" என்றாள். "இந்தத் தடவை நான் சொன்னதைச் சொல்லு. மண்டை ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படம் எடு. நிழல் கிட்ட வந்துச்சுன்னா நீ வந்தாலும் வராட்டியும் மூடிடுவேன்."

படங்கள் எடுத்தேன். கண் வளையம், அருகில் ஆட்டின் வளையமும் பூமாவின் திறந்த குழியும். வேரின் புடைப்பு. தாடை உறை. ஓடினேன். ஒரு செருப்பு முள்செடியில் மாட்டிக் கழன்றது, விட்டுவிட்டேன். தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு அனுப்பினேன். "டாக்டர், நான் சொன்னது தவறு. பூனை இல்லை. ஆடு மேய்க்கும் காசில்தா கண்டுபிடித்தது இது" என்று தொடங்கி, அவள் சொன்ன மூன்றையும் அவள் சொன்ன வரிசையிலேயே எழுதினேன்.

பதில் இல்லை. போன் திரையையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்தேன். கீழே காசில்தா பானைகளைக் குழிக்கருகே எடுத்து வைப்பது சின்னதாகத் தெரிந்தது. மறுபடியும் தவறாகச் சொல்லிவிட்டேனோ? படித்ததை நேரில் பார்த்தும் அடையாளம் காணத் தெரியாத படிப்பு என்ன படிப்பு?

போன் அடித்தது. செய்தி இல்லை, அழைப்பு.

"நெலிதா, யாராவது அதைத் தொட்டீங்களா?" டாக்டர் பெரால்தாவின் குரல் வேறு ஆளின் குரல்போல இருந்தது. "பெயர்த்தீங்களா?"

"இல்ல டாக்டர். தூசி தட்டினது மட்டும்தான்."

"கடவுளே. அந்தத் தாடை. அந்த உறை முழுசா இருக்கும்மா. இப்படி முழுசா கிடைக்கிறது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? கேளு. ரோடு ஆபீஸ் பெரியவருக்கு இப்பவே போன் பண்றேன். அந்த இடத்துல ஒரு மண்வெட்டி விழக் கூடாது. எடுக்கிறதுக்கு அனுமதி வாங்க மாசக்கணக்குல ஆகும், அது வரைக்கும் ரோடு சுத்தித்தான் போகணும். திங்கக்கிழமை காலையில நான் அங்க இருப்பேன். அது வரைக்கும் திறந்து வைக்காதீங்க. காத்து பட்டா வெடிச்சிடும். உடனே மூடுங்க."

"அஞ்சு நிமிஷத்துல மூடிடுவாங்க டாக்டர்" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இறங்கும்போது கத்திக்கொண்டே இறங்கினேன். பாதி வழியிலேயே அவர்களுக்குக் கேட்டுவிட்டது. அன்செல்மோ தொப்பியைக் கழற்றி மேலே வீசினார். திங்கட்கிழமை வேலை போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஓட்டுநரை நான் பார்த்ததில்லை.

காசில்தா குதிக்கவில்லை. குழியருகே உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கிறேன்" என்றாள். "இது எப்படித் தின்னும்? வாய் நுனியில பாரு, மேல முன்னம்பல்லே இல்ல. கடிச்சு இழுக்க முடியாதே. எலும்பை உடைக்கவும் முடியாது."

"யாருக்கும் சரியாத் தெரியலக்கா. அந்தப் பல்லால வயித்தைக் கிழிச்சு உள்ள இருக்கிற மெத்துனதை மட்டும் தின்னுதுன்னு சிலர் சொல்றாங்க. இன்னும் சண்டை ஓடிக்கிட்டிருக்கு."

"மெத்துனது" என்றாள். "எங்கம்மா சொன்னது பாதி சரி. பல்லு இருக்கு. ஆனா மெல்ற பல்லு இல்ல."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். மசியலை ஊற்றினோம். கள் ஊற்றினோம். கொக்கா இலையைத் தூவினோம். இந்த முறை தூவும்போது நான் பார்த்துக்கொண்டே தூவினேன். கடைசியில் காசில்தா தட்டிலிருந்து ஈரலை எடுத்து, பச்சையாக, முழுசாக, அந்த நீண்ட பல்லின் முன்னால் வைத்தாள்.

அன்செல்மோவின் முகம் விழுந்துவிட்டது. "காசில்தாம்மா, அது எனக்குன்னு..."

"அறுபது லட்சம் வருஷமா பட்டினி கிடக்கு. உங்களுக்கு முன்னம்பல் நல்லாத்தானே இருக்கு? அடுப்புல விலா வேகுது. போய்க் கடிங்க."

முதல் கைப்பிடி மண்ணை அவள் போட்டாள். நாங்கள் போட்டோம். கடைசி வெள்ளைக் கல்லை அவள் வைத்துக் கையை எடுத்தபோது நிழல் அவள் விரலைத் தொட்டது.